அண்ணனின் ழகரம்

ஸ்டூடியோவில் அவரைத் 'தொண்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு, ஒட்டிய கன்னம், ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லாத உயரம். தெருவில் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் பதினொரு வருடமாகத் திரையில் அண்ணன் வாயைத் திறந்தால் கேட்டது தொண்டையின் குரல்தான்.

நாடே 'அண்ணன்' என்று தலையில் தூக்கிவைத்து ஆடிய அந்த நடிகருக்கு ஆகிருதியை அள்ளிக் கொடுத்த கடவுள், குரலில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். கீச்சுக்குரல். போதாக்குறைக்கு ழகரம் வராது. பழம் பளமாகும், வாழ்க்கை வாள்க்கையாகும். முதல் படத்தின்போது தயாரிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், தொண்டையைக் கூப்பிட்டு, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நிறுத்தினார். மேடைகளில் அண்ணன் கைகூப்புவார், சிரிப்பார், இறங்கிவிடுவார். "என்னா அடக்கம் பாரு!" என்று ஜனங்கள் உருகினார்கள். உருகுகிறவர்களுக்குக் காரணமா வேண்டும்?

அந்த அண்ணனைத்தான் மலைக்காட்டில் படப்பிடிப்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு கொள்ளைக்கூட்டம் காரோடு மறித்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான்காம் நாள் ஒரு பத்திரிகை அலுவலக வாசலில் கேசட் ஒன்று கிடந்தது. அதை வானொலியில் போட்டார்கள்.

"இவங்க தலைவரோட தம்பிங்க ரெண்டு பேரும் ஜெயில்ல இருக்காங்க. வெள்ளிக்கிளமை பொளுது சாயறதுக்குள்ள விட்டுடுங்க. இல்லேன்னா என் களுத்து மிஞ்சாது."

ஊர் கொதித்தது. அண்ணன் உயிருக்காக அல்ல, அது அண்ணன் குரலே இல்லை என்பதற்காக! ஆட்சிக்காரர்கள் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டுப் போலிக் கேசட் விடுகிறார்கள் என்று எதிர்க்கட்சி முழங்கியது. பஸ்கள் எரிந்தன. தாங்கள் விடவில்லை என்றார்கள் ஆட்சிக்காரர்கள், போலி என்பதை மட்டும் மறுக்கவில்லை. கேசட் போலி என்றால் கைதிகளை விடவேண்டிய தலைவலி இல்லை. தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. "அது அவர்தாங்க" என்று அண்ணனின் மனைவி கதறினார். மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தொண்டையின் வீட்டில் மகள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள்.

"வெள்ளிக்கிளமைன்னு பேசுறது எங்க அண்ணனாம்! பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீயே சொல்லுப்பா!"

தொண்டைக்குப் புரை ஏறியது. படக்குரலை அவர் ஸ்டூடியோவிலேயே கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் முணுமுணுப்பவர். விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிராமல், "தண்ணியைக் குடிங்க" என்றார்.

புதன்கிழமை அண்ணனின் மனைவி போன் செய்தார்.

"தம்பி, அது அவர்தான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"நான் எதுவும் கேக்க மாட்டேன். சொன்னா அவர் மானம் போகும். சொல்லலேன்னா..." போனை வைத்துவிட்டார்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அது சும்மா சொன்ன பேச்சில்லை. வாயைத் திறந்தால் அண்ணனின் பேர் போகும், தன் பிழைப்பு போகும், ரசிகர்கள் வீட்டோடு கொளுத்துவார்கள். மூடிக்கொண்டிருந்தால் ஓர் உயிர் போகும். இரண்டு அறை வீட்டில் அவர் நடந்துகொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மதியம் அரசாங்கக் கார் வந்தது. வானொலி நிலையத்தில் அமைச்சரின் செயலாளர் காத்திருந்தார். தயாரிப்பாளர் எல்லாவற்றையும் கக்கியிருந்தார்.

"கேசட்டுன்னாலே இப்ப எவனும் நம்ப மாட்டேங்கிறான். நாலு மணிக்கு நேரடி ஒலிபரப்பு. காட்டுலேர்ந்து அண்ணனே போன்ல பேசுறார்னு அறிவிப்போம். நீங்க இதைப் படிங்க, போதும்."

காகிதத்தில் மூன்றே வரிகள். நான் நலமாக இருக்கிறேன். கேசட்டில் பேசியது நானல்ல. அமைதி காக்கவும்.

"சார், கேசட்ல பேசினது அவருதான்."

"தெரியும்" என்றார் செயலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இதைப் படிச்சா அவரைக் கொன்னுடுவாங்களே சார்!"

"உங்க வீட்டு வாசல்ல ரெண்டு போலீஸ் நிக்கிறாங்க. உங்க பொண்டாட்டி பிள்ளையோட பாதுகாப்புக்குத்தான். நல்லா படிங்க."

கதவை வெளியே பூட்டினார்கள். சுவரெல்லாம் தக்கைப் பலகை. தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. தொண்டை இதுவரை அண்ணனின் உதட்டைத் திரையில் பார்க்காமல் அந்தப் படக்குரலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உதடு திறந்தால் திறப்பார், மூடினால் மூடுவார். இங்கே பார்க்க உதடு இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் நலமாக இருக்கிறேன்." தெருத் தெருவாக டீக்கடை ரேடியோக்களில் அண்ணன் பேசினார். ஜனங்கள் விசிலடித்தார்கள்.

இரண்டாம் வரி வாயில் வரவில்லை. அதே குரலில் சொன்னார்: "பேசறது அண்ணன் இல்லீங்க. படத்துல அவருக்குக் குரல் குடுக்கிறவன். பதினோரு வருஷமா நீங்க கேட்ட குரல் என்னுது. அவருக்கு ழ வராது. கேசட்ல பேசினது அவருதான். நாளைக்குள்ள காப்பாத்துங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சுவிட்சை அணைக்க மறந்து வாய்பிளந்து நின்றார். செயலாளர் பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தார்.

தொண்டையை மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அதற்குள் வெளியே என்னென்னவோ நடந்துவிட்டது. தெரிந்தே மறைத்தார் என்று ஊர் திரும்பியதில் அமைச்சர் பதவி விலகினார். வெள்ளிக்கிழமை மதியம் கைதிகளை விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தாடியோடு வீடு வந்து சேர்ந்தார். தொண்டை வீடு வந்தபோது ஜன்னலில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. தயாரிப்பாளர் கணக்கு முடிந்தது என்று ஆள் அனுப்பியிருந்தார். மகள் சாப்பாட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

போன் அடித்தது.

"பொளச்சேன்டா, உன்னால" என்றது கீச்சுக்குரல். "வாசல்ல பத்தாயிரம் பேரு நிக்கிறாங்க. பேசு பேசுன்னு கத்துறாங்க. நான் வாயைத் தொறந்தா சிரிப்பாங்க. உள்ள வந்ததுலேர்ந்து வெளியே தலைகாட்ட முடியல. காட்டுலயாவது நடக்க விட்டாங்க. நீ வந்து மறைஞ்சு நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறியா?"

பதினொரு வருடமாக "சரிண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதவர் தொண்டை.

"நீங்களே பேசுங்கண்ணே" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது, விக்கி விக்கி, மெல்லிய குரலில். படங்களில் அம்மா செத்தபோதும் காதலி பிரிந்தபோதும் அண்ணனுக்காக அழுததெல்லாம் தொண்டைதான். அண்ணன் அழுது அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றார்.