கடைசித் தலை

வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழெட்டு மாதமும் நிவேதனா வரைந்தது கல். வழியில் கிடக்கும் வெறுங் கல். கதாநாயகன் அதில் ஏறி மிதித்துவிட்டுப் போவான், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாசி பிடித்த கல், பனி மூடிய கல், உடைத்தால் உள்ளே தங்கக் காசு இருக்கிற கல். வீடியோ கேமுக்குப் படம் வரைகிற வேலை என்றதும் வாளும் கிரீடமும் இறக்கை முளைத்த குதிரையுமாகக் கற்பனை பண்ணிக்கொண்டு போனவளுக்கு முதல் நாளே சாட்டையடி விழுந்தது.

“புதுசா வாறவை கல்லிலைதான் தொடங்கவேணும். கல்லு சரிவந்தால் பீப்பா. பீப்பா சரிவந்தால் பிறகு கதைப்பம்,” என்றான் ஜெயரூபன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நாலு கொம்பியூட்டரைப் போட்டு, வெளிநாட்டுக் கொம்பனிகளின் கேம்களுக்குப் படம் செய்து கொடுப்பவன் அவன். கோண்டாவில் ஆள். நல்லவன்தான், ஆனால் கல் விடயத்தில் இரக்கமில்லாதவன்.

அவளுடைய ஊரான புத்தூரில் இதை வேலையென்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் வந்த பெறுபேற்றைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். தவளையை அறுத்துப் பார்க்கச் சொன்னால் அதன் ஈரலில் வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு வேறென்ன பெறுபேறு வரும்? தகப்பன் சீவரத்தினம் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர், வாய் திறப்பது குறைவு. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “ரவுணிலை, கொம்பியூட்டரிலை நிக்கிறாள்,” என்பதோடு முடித்துவிடுவார். அதைக் கேட்டு வங்கி வேலை என்று நினைத்துப் பயிர்க்கடன் எடுக்க வழி விசாரித்து வீட்டுக்கே வந்தவர்களும் உண்டு.

தாய் பராசக்தி அப்படி விடுகிற ஆளில்லை. “என்ன வேலையெண்டு நாலு பேருக்கு விளங்கப்படுத்தேலாட்டில் அது என்ன வேலை? களவெடுக்கிறவனும்தான் விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் வாறான்,” என்பார். அவரோடு வாதாடி வென்ற மனிதர் அந்த ஒழுங்கையில் இல்லை. பால்காரன், கிராமசேவகர், கோயில் ஐயர் எல்லோரும் முயன்று பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தவர்கள்.

பராசக்தியின் தமையன் தியாகலிங்கம் அச்சுவேலியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் கலியாண அல்பம் செய்துகொண்டிருந்த பெடியன் பிரான்சுக்குப் போய்விட்டான். அந்தக் கதிரைக்கு மருமகளை இழுக்க அவர் ஒற்றைக்காலில் நின்றார். நிவேதனா ஒருநாள் போய் அந்த வேலையைப் பார்த்தாள். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் மாவில் பிரட்டியதுபோல வெள்ளையாக்கவேண்டும். பின்னால் சுவிஸ் மலையை வைக்கவேண்டும். இருவரையும் சின்னதாக்கி ஒரு வைன் கிளாசுக்குள் இறக்கிவிடவேண்டும். கோபித்துக்கொண்டு கலியாணத்துக்கே வராமல் விட்ட பெரியப்பாவை வேறொரு படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து, சிரித்தபடி பந்தியில் இருத்தவேண்டும்.

“உதுவும் படம் கீறுறதுதானே பிள்ளை,” என்றார் மாமா, ஒரு பொம்பிளையின் மூக்கைச் சின்னதாக்கியபடி. அவள் வாசலில் செருப்பைத் தேடினாள்.

இப்படியிருக்கும்போது கல் முடிந்துவிட்டது. அதாவது, கல் கேட்ட கொம்பனிக்குப் போதுமான அளவு கல் சேர்ந்துவிட்டது. ஜெயரூபன் அவளையும், அவளுக்கு ஒரு வருடம் முந்திச் சேர்ந்த எமில்ராஜையும் கூப்பிட்டான். வட ஐரோப்பாவில் ஒரு கொம்பனி புதுக் கேம் செய்கிறது, அதற்குப் பாத்திரங்களை வரைய ஒரே ஒரு ஆள் வேண்டும், ஆளுக்கொரு பொஸ் வரைந்து அனுப்பவேண்டும் என்றான். கேமில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எதிர்ப்படுகிற பெரிய அரக்கனுக்குத்தான் பொஸ் என்று பெயர். தெரிவுபடாத ஆளை வைத்திருக்கத் தன்னிடம் வேறு வேலை இல்லை என்பதையும் சொன்னான். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் பராசக்தி ஒரே வசனத்தில் தீர்ப்பெழுதினார். “சரிவந்தால் போ, வராட்டில் தை பிறக்க மாமாட்டைப் போறாய்.”

கொம்பனி கேட்டிருந்தது இதுதான்: பொஸ் நாலு தரம் உருமாறவேண்டும். ஒவ்வொரு தரமும் முந்தினதைவிடப் பயங்கரமாக இருக்கவேண்டும். கடைசி உருவம் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கவேண்டும்.

நிவேதனா யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு ஐப்பசியும் கந்தசட்டி முடிவில் ஊர்க் கோயில் வீதியில் சூரன்போர் பார்த்து வளர்ந்தவள். பெடியள் தோளில் சூரனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுவார்கள், சூரன் கிடந்து குலுங்குவான், தலையைக் கழற்றிக் கழற்றி மாற்றுவார்கள். யானைத் தலை, சிங்கத் தலை, சூரனின் சொந்தத் தலை, கடைசியில் ஒரு மாங்கொப்பு. முருகனுக்குத் தப்ப மாமரமாக மாறி நிற்கிறானாம். நாலு உருவம் என்று கேட்டதும் கை தானாக ஓடியது. தும்பிக்கையில் முள் முளைத்த யானைமுகன். பிடரி எரிகிற சிங்கமுகன். மீசையும் களைத்த கண்ணுமாகச் சூரன். நாலாவதாக, ஒரு மாமரம். காய்த்துக் குலுங்குகிற, ஒரு கெடுதலும் செய்யாத, நல்ல மாமரம்.

ஜெயரூபன் நாலையும் பார்த்தான். “வடிவாயிருக்கு. மாவிலை திறமா வந்திருக்கு,” என்றான். கணக்குப் பார்க்க வருகிற பிரதீபாவும் எட்டிப் பார்த்துவிட்டு, காய் இன்னும் கொஞ்சம் போடலாம் என்றாள். ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எமில்ராஜ் குருநகர் வேதக்காரப் பெடியன். அவனுடைய பொஸ், மாதா கோயில் படத்தில் சம்மனசு என்கிற தேவதூதரின் காலடியில் கிடக்கிற பிசாசு மாதிரி, உடம்பெல்லாம் தசையும் இறக்கையுமாக வளர்ந்துகொண்டே போனது. அவனுக்கு மட்டும் மரத்தைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. சைவக்காரருக்குள் ஏதாவது விசயம் இருக்கும், நமக்கேன் என்று ஹெட்செற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கொம்பனியின் படப் பொறுப்பாளர் இங்கிரிட் திரையில் வந்தார். எமில்ராஜின் தசைகளைப் பாராட்டினார். பிறகு நிவேதனாவின் படங்களுக்கு வந்தார்.

“முதல் மூன்றும் மிக நன்று. நாலாவது கோப்பு மாறி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஒரு மரத்தின் படம் வந்திருக்கிறது.”

கீழே புடைவைக் கடையில் பேரம் பேசுகிற சத்தம் கேட்டது. ஜெயரூபன் படத்தை உற்றுப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாக அது அவன் கண்ணுக்கு வெறும் மரமாகத் தெரிந்தது.

“நிவே, உது மரமடி,” என்றான் மெதுவாக.

“ஓம் அண்ணை. மாமரம்.”

“ஐயோ, அவைக்குச் சூரனைத் தெரியாதெல்லோ!”

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. உலகத்தில் சூரனைத் தெரியாத ஆட்கள் இருப்பார்கள் என்பது அவள் மண்டையில் ஏறியிருக்கவேயில்லை. ஜெயரூபன் அவளைக் காப்பாற்றப் பொய்க்குத் தயாராகித் தொண்டையைச் செருமினான். கோப்பு மாறித்தான் போய்விட்டது, சரியானது நாளைக்கு வரும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். நல்ல பொய். வீட்டுக்குப் போய் நாலு கொம்பும் எட்டுக் கையும் வைத்து ஒரு பூதத்தைக் கீறி அனுப்பினால் எல்லாம் சரி. அவளுக்கும் அது விளங்கியது. ஆனால் திரையில் அந்த மரம் நின்றது. அதைக் கோப்பு மாறி வந்ததென்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை. வெட்கத்தைவிடக் கோபம்தான் கூட வந்தது.

கல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். இடையில் புகுந்து கதைப்பதற்கு ஒரு சொல் வரவில்லை. அதனால் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில்போல.

“மாறி வரவில்லை. அது அவன்தான்,” என்றாள் உடைந்த ஆங்கிலத்தில்.

“மரமா?”

“ஓம். அவன் தோற்கிறான். சாகப் பயம். அதனால் மரம்.”

இங்கிரிட் கன்னத்தில் கைவைத்தார். “சரி. விளையாடுகிறவர் மரத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?”

உண்மையைச் சொன்னால் புத்தூரில் யாரும் இதை யோசித்ததில்லை. கோயிலில் முருகன் வருவார், வேல் வரும், கதை முடியும், கடலை வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயரூபன் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தான். பேசாமல் இரு என்று அர்த்தம். அவள் பேனையை எடுத்தாள்.

“சண்டை இல்லை. தேடவேண்டும். நிறைய மரம், எல்லாம் ஒரே மாதிரி. ஒரு மரம் மட்டும் பயந்து நிற்கும்.”

“பயந்து நிற்பது எப்படித் தெரியும்?”

அவள் எல்லோரும் பார்த்திருக்கத் திரையிலேயே கீறினாள். மாந்தோப்பு, பெருங்காற்று. இலையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறக்கிறது, காய்கள் ஆடுகின்றன. நடுவில் ஒரு மரத்தில் மட்டும் ஒரு இலைகூட அசையவில்லை.

“மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான்,” என்றாள்.

இங்கிரிட் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து ஜெயரூபன் வயரைப் பிடித்து ஆட்டினான். பிறகு அவர் தன் சொந்த மொழியில் ஒரு சொல் சொன்னார். அது பாராட்டா தூசணமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஆங்கிலத்தில், “நாளைக்கு வேறொன்றும் அனுப்பவேண்டாம். இதுவே போதும்,” என்றார்.

வேலை அவளுக்கு. அந்த வேலை என்னவென்று அடுத்த கிழமை தெரிந்தது. தோப்பு முழுவதையும் அவளே வரையவேண்டும், ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு கொப்பாக, காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும். எமில்ராஜ் அவ்வளவு தசைகளையும் எடுத்துக்கொண்டு கொழும்பில் ஒரு விளம்பரக் கொம்பனிக்குப் போனான். போகிற அன்று ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, “கல்லிலையிருந்து தப்பி மரத்திலை மாட்டுப்பட்டிட்டாய் தங்கச்சி,” என்றான். தியாகலிங்கம் மாமா தங்கை வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தார். பலகாரச் சட்டி அடுப்பில் ஏறிய செய்தி கேட்டதும் சபதத்தைக் கைவிட்டார். பராசக்தி மட்டும் மாறவில்லை. தை பிறந்தது, போனது. மகள் விடிய வெளிக்கிட்டுப் போய்ப் பின்னேரம் வந்தாள். தாய் சாப்பாட்டைப் போட்டார், என்ன செய்தாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு நொந்திராது.

கேமின் பரீட்சார்த்தப் பதிப்பு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நிவேதனா விறாந்தையில் வைத்துத் தாயின் கையில் போனைக் கொடுத்தாள். “ஒருக்கா விளையாடிப் பாருங்கோ அம்மா.”

“எனக்கு உதுக்கு நேரமில்லை,” என்று சொல்லிக்கொண்டே பராசக்தி வாங்கினார். பெருவிரல் இரண்டும் தயாராக நின்றன. பின்னேரங்களில் அவர் ஒரே நிறப் பழங்களைச் சேர்த்து வெடிக்கவைக்கிற ஒரு கேம் விளையாடுவதும், அதில் நெடுந்தூரம் போய்விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

யானைமுகன் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. சிங்கமுகனை, “நில்லடா நாயே, எங்கை ஓடுறாய்?” என்று திட்டித் திட்டியே கொன்றார். சூரன் சொந்த முகத்தோடு வந்தபோது, வேலிக்குள்ளால் புகுந்த ஆட்டைக் கலைக்கிற அதே குரலில் கலைத்தார். பிறகு மாந்தோப்பு வந்தது. காற்று அடித்தது. பராசக்தி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டார்.

“உது இல்லை. உதுவும் ஆடுது. உங்கை ஒளிச்சு நிக்கிறியோ… இல்லை. பொறு பொறு.” விரல் நின்றது. “உந்தா.”

வேலின் அடையாளம் சிவப்பாக எரியத் தொடங்கியது. அதை அழுத்தினால் முடிந்தது.

“அமத்துங்கோ அம்மா.”

“பொறு.”

“நேரம் போகுது, அமத்துங்கோ.”

“உவன் மூச்சு விடாமல் நிக்கிறானடி.”

“ஓம், அதுதானே சூரன். அமத்தினால் நீங்கள் வெண்டிட்டியள்.”

பராசக்தி திரையைப் பார்த்தபடியே இருந்தார். பெருவிரல் வேலுக்கு மேலே நின்றது, கீழே இறங்கவில்லை. “நான் மாட்டன். பாவம், நிண்டிட்டுப் போகட்டும்,” என்றார். நேரம் முடிந்து, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று திரையில் எழுத்து விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

நிவேதனா எழும்பி வளவுக்குப் பின்னால் ஓடினாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறைப்பு மிசின் சத்தத்தில் யாருக்கும் கேட்காதென்று நினைத்து வாய்விட்டு அழுதாள். இவ்வளவு சந்தோசம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மண்வெட்டியோடு வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நின்ற சீவரத்தினம் பயந்துபோய் ஓடி வந்தார்.

“என்ன பிள்ளை? என்ன நடந்தது?”

“அம்மா தோத்திட்டா, அப்பா.”

அவருக்கு விளங்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படியொரு செய்தியை அவர் கேட்டதில்லை.

“கொம்மாவோ? ஆரிட்டை?”

நிவேதனா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்னட்டை,” என்றாள்.