எந்தத் தெருத் தண்ணி

வண்டலூரில் யானை, மெரினாவில் அலை என்று என் இரண்டு மகள்களுக்கும் மூன்று வருடமாக ஆசை காட்டியிருந்தேன். "எடஒதுக்கீட்டுக்காக ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்களாம், அப்பறம் போலாங்க" என்றாள் மனைவி. கேட்காமல் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன்.

விழுப்புரத்துக்கு முன்பே சாலையை அடைத்துக் கிடந்தது ஒரு புளியமரம். உச்சிவெயிலில் பஸ் நின்றது. "யானை எப்பப்பா?" என்று நச்சரித்த சின்னவள் முதுகில் எரிச்சலில் ஒன்று வைத்தேன்.

அழுகை கேட்டு, பக்கத்துக் கரும்புக்கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண் குடத்தோடு வந்தாள். ஊர்ப்பழக்கம், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்தத் தெரும்மா நீ?"

என்ன சாதி என்பதை நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

"கொழந்த தண்ணி குடிக்கறதுக்குத் தெரு இன்னாத்துக்குங்க?" என்றாள்.

பிள்ளைகளைக் குடிக்க விடவில்லை நான். பொழுது சாயும்வரை கிடந்துவிட்டு, யானையைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

மறுவருடம் ஒருவழியாக யானையைக் காட்டினேன். வண்டலூர்க் குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால், சின்னவள் டம்ளரோடு அப்படியே நிற்கிறாள்.

"அப்பா, இது எந்தத் தெருத் தண்ணி?"

மரம் வெட்டிப் போட்டவர்களை ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத் திட்ட என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் "குடிம்மா" என்று சொல்லும்வரை அவள் குடிக்கவில்லை.