வேனுக்குப் போட்ட வெள்ளை வெளிச்சம்

வேன் வாங்குவதற்கு முன்பே வேனுக்குள் மாட்டுவதற்கு விளக்கு வாங்கி வைத்திருந்த மனிதன் கண்டி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வெளியில் சொல்லக் கூடாது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லக் கூடாது என்று சொன்னவற்றை எழுதித்தான் இத்தனை காலமும் பத்திரிகைகளில் என் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்.

ஐம்பதை நெருங்கும் ஆண்களில் சிலருக்குச் சீனி வருகிறது, சிலருக்குப் பிரஷர் வருகிறது. எனக்கு வந்தது யூடியூப். வெள்ளைக்காரர்கள் பழைய வேன்களை வாங்கி, ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்தேன். கட்டிலும் அடுப்பும் என்னை அசைக்கவில்லை. அசைத்தது வெளிச்சம். மலையடிவாரத்தில் வேன் நிற்கிறது. அந்திப் பொழுது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம். அதில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு தடித்த புத்தகம் ஒன்றைப் படிக்கிறார். என் வீட்டு அலுமாரியில் அறுபதாம் பக்கத்தோடு நின்றுபோன தடித்த புத்தகங்கள் நிறைய உண்டு. அவை நின்றுபோனதற்கு வெளிச்சம்தான் காரணம் என்று அப்போது எனக்குப் புலப்பட்டது. வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் மின்சாரச் சாமான் விற்கும் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'நானா', ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், வேனுக்கு எல்ஈடி விளக்கு வேண்டும் என்றேன்.

"என்ன வேன் சேர்?"

"வேன் இன்னும் வாங்கல்ல நானா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வியாபாரி என்பதால் சிரிக்கவில்லை.

"அது ஒண்டும் பிரச்சினல்ல சேர். லைட் கெட்டுப் போற சாமானில்லயே."

வேன் பெட்டரிக்குப் பன்னிரண்டு வோல்ட் விளக்குத்தான் சரிவரும், வீட்டு பல்பைக் கொண்டுபோய் மாட்டினால் மினுங்காது என்று விளக்கினார். "ஒட்டுற பட்டி லைட்ல ரெண்டு வகை ஈக்கிது, ஒண்டு மஞ்சள், ஒண்டு வெள்ள, எது வேணும் செல்லுங்க" என்றார். தேன் நிறத்தைத் தேடிப் போனவன் மஞ்சளைத்தானே வாங்குவான். ஒரு சுருள் வாங்கி வந்து அலுமாரியில் என் சாரங்களுக்கு அடியில் வைத்தேன். மனைவி அதைக் கண்டுபிடித்த நாளில், வேறு வழியில்லாமல், வேன் தேட ஆரம்பித்தோம்.

வேனைக் கண்டுபிடித்தது அவளுடைய தம்பி. வத்தேகமவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இரண்டாவது வேன் ஒன்று போடலாம் என்று தனக்காகப் பார்த்து வைத்திருந்த பழைய ஜப்பான் வண்டியை, அக்காள் முகத்துக்காக எனக்கு விட்டுக்கொடுத்தான். முழு மனதோடு விட்டுக்கொடுக்கவில்லை என்பது, நான் கட்டிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் எத்தனை பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததில் தெரிந்தது. அதைக் கேட்ட மனைவி அங்கேயே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி நான் இதுக்குள்ள நிம்மதியா தூங்கணும். தூங்கினா வேன் நம்மகிட்ட இருக்கட்டும். இல்லாட்டி தம்பிகிட்ட குடுத்துறணும். அவனாவது புள்ளைங்கள ஏத்துவான்."

"நியாயம்தானே மச்சான்," என்றான் அவன், மிகவும் அடக்கமாக.

அன்றிலிருந்து நான் படித்ததும் யோசித்ததும் ஒரே விஷயம்தான்: அவளை அந்த ஒரு இரவு தூங்க வைப்பது. கட்டில் செய்தேன், மெத்தை போட்டேன், கூரையில் மஞ்சள் பட்டியை நானே ஒட்டினேன். அந்தி நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, சுவிட்சைத் தட்டி, திரைச்சீலையை விலக்குகிற மாதிரி கையை வீசிக் காட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தாள்.

"என்னங்க இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு."

"இது வார்ம் லைட். மனசுக்கு இதமா இருக்கும்."

"கால்ல அட்டை ஏறினா தெரியுமா இதுல?"

வெள்ளைக்காரர் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் ஊரில் அட்டை இல்லைபோலும்.

"எனக்கு மனசு இதமா இருக்கணும்னா கால்ல அட்டை இல்லைன்னு தெரியணும்," என்றாள்.

திரும்பவும் நானா கடை. இந்த முறை வெள்ளை. அவர் ஒரு துண்டைப் பற்றவைத்துக் காட்டியதும் கடைக்குள் இருந்த தூசியெல்லாம் எழுந்து நின்றது. "ஊசி விழுந்தாலும் தெரியும் சேர். விசேஷங்களுக்கெல்லாம் இதத்தான் கொண்டு போறாங்க" என்றார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை.

நான் சரணடைந்தால் முழுதாகச் சரணடைகிறவன். கூரையில் இரண்டு வரிசை. பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் தார்ப்பாயின் விளிம்பு முழுவதும் ஒரு வரிசை. ஏறும் படியில் ஒன்று. எனக்கென்று ஒரே ஒரு சலுகை, கட்டிலின் தலைமாட்டில் கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு படிப்பு விளக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டபோது மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேனைச் சுற்றி வந்தான்.

"என்னா மச்சான், பிளேன் இறக்கப் போறீங்களா?"

பள்ளிக்கூட வேன்காரனுக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெல்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குக் கீழே, பாதையோரமாக நல்ல சமதரை ஒன்று உண்டு. காவல்காரரிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே வேனை நிறுத்தினோம். இனி நடந்தவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தவறில்லை.

வெள்ளை வெளிச்சத்துக்கு வெள்ளை விரிப்புத்தான் எடுப்பாக இருக்கும் என்று விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெள்ளையில் வாங்கியிருந்தேன். வருகிற வழியில் தூறல் உள்ளே அடித்துத் தலையணை உறைகள் நனைந்துவிட்டன. மனைவி வேனிலிருந்து ஒரு மரத்துக்குக் கயிறு கட்டி அவற்றை வரிசையாகக் காயப்போட்டாள். விருந்தினர் வந்தால் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து ஆறு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் கொண்டு வந்திருந்தேன். இருப்பது நாங்கள் இரண்டு பேர், இறங்கியிருப்பது தெரிந்தவர் யாருமில்லாத மலை, விருந்தினர் எங்கிருந்து வருவார்கள் என்று அவள் கேட்டாள். ஆனாலும் தார்ப்பாய்க்குக் கீழே அவற்றைப் பரப்பினேன். நுளம்பு கடிக்காமலிருக்க அவள் ஒரு பிடி ஊதுபத்தி கொளுத்தி வாசலில் குத்தினாள்.

இருட்டும் முன்பே குளிர் இறங்கிவிட்டது. எனக்கு ஏற்கெனவே சளி. "காத்து காதுக்குள்ள போச்சுன்னா நான்தான் பாக்கணும்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் துவாயை என் தலையோடு சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். நான் கட்டிலில் நேராக மல்லாந்து, போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, தலைமாட்டு விளக்கைப் போட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். வெளிச்சத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் தூங்கிவிட்டேன்.

அடுத்து நடந்ததில் ஒரு பகுதி மனைவி சொல்லித் தெரிந்தது.

பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வெளியே அடுப்படியில் இருந்தாள். மேல் லயத்திலிருந்து ஒரு பெரியவர் குடையோடு இறங்கி வந்தார். தார்ப்பாய்க்கு அருகில் வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்துவிட்டு, கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். வேன் பார்க்க வந்திருக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். பின்னாலேயே இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு இரண்டு வாலிபர்கள். கதிரைகள் ஏறக்குறைய நிறைந்துவிட்டன. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. இஞ்சி தட்டிப்போட்டு எல்லாருக்கும் ஊற்றினாள். அவர்கள் சத்தமில்லாமல் குடித்தார்கள். எவ்வளவு மரியாதையான சனங்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"கண்டியிலயிருந்தாம்மா வர்றீங்க?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"வேன் வழியில நின்னு போச்சோ?"

"இல்லீங்க. இடம் நல்லா இருக்குன்னு அவருதான் நிப்பாட்டச் சொன்னாரு."

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மூத்த பெண் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மற்றவளையும் கூட்டிக்கொண்டு, வேனுக்குள் எட்டிப் பார்க்கப் படியேறினாள்.

இங்கிருந்து சாட்சி நான். கால்மாட்டில் யாரோ விசும்பும் சத்தத்தில் எனக்குப் பாதி விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"நல்ல மனுசன்," என்றது ஒரு குரல், அழுகையோடு. "மொகத்தப் பாத்தாலே தெரியுதே. யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சிருக்க மாட்டாரு."

"தூங்குற மாதிரியே இருக்காரு," என்றது இன்னொரு குரல்.

"புஸ்தகத்த நெஞ்சிலயே வச்சிருக்காங்க பாரு. படிச்ச மனுசன் போல."

நிலைமை எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளை விளக்கு, வெள்ளைத் துணி, கட்டிய தாடை, தலைமாட்டில் வெளிச்சம். உடனே எழுந்திருக்க வேண்டும். நாகரிகமுள்ள எவனும் எழுந்திருப்பான். ஆனால் நான் இத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒருவரும் இப்படி ஒரு மதிப்புரை எழுதியதில்லை. அதுவும் ஒரு வரி கூடப் படிக்காமல். இன்னும் ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு நிமிடம் பொறுத்திருந்தேன். அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு, "எத்தன பேருக்கு உபகாரம் செஞ்சிருப்பாரோ" என்று தொடங்கினாள். அந்த இடத்தில் ஊதுபத்திப் புகை என் மூக்கில் ஏறியது.

தும்மிவிட்டேன். புத்தகம் கீழே விழுந்தது.

யாராவது ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் ஓடவில்லை. இளையவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் மார்பில் கை வைத்துக்கொண்டு வெளியே திரும்பி, புகார் சொல்லும் குரலில், "அக்கா, இவருக்கு உசிரு இருக்கு" என்றாள்.

"ஆமாங்க," என்றாள் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "சளி. இப்படித்தான் தும்முவாரு."

எல்லாம் தெளிவாகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பெரியவர் சிரிக்கவில்லை. கயிற்றில் தொங்கிய தலையணை உறைகளையும், கதிரைகளையும், தார்ப்பாயைச் சுற்றி எரிந்த விளக்குகளையும் வரிசையாகக் கையால் காட்டினார்.

"வெள்ளைக் கொடி, வெள்ளை லைட்டு. பாத்தா வேற என்னாங்க நெனைக்கிறது? கண்டி ஆஸ்பத்திரியில எறந்தவங்கள தோட்டத்துக்குக் கொண்டு போற வேன், வழியில நின்னு போச்சு, பொம்பளையாளு தனியா இருக்குன்னு வந்தோம்."

"எங்கள உங்களுக்குத் தெரியாதே," என்றேன்.

"தெரிஞ்சாத்தான் சாவுக்குப் போறதுங்களா?"

ஒரு நகைச்சுவை சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அழுத பெண்தான் காப்பாற்றினாள்.

"நான் வேற நல்ல மனுசன்னு சொல்லிப்புட்டேன்."

"அதுக்கென்னா, திருப்பி எடுத்துக்குங்க," என்றாள் மனைவி.

அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள், பெரியவர் உட்பட. சாவு வீடு இல்லை என்றானதும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. வாலிபர்களில் ஒருவன் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான். சாவு வீட்டில் இரவு விழித்திருக்க வேண்டி வரும் என்று ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறான். என்னையும் ஒரு கையாகச் சேர்த்துக்கொண்டார்கள். "லைட்டு நல்லா இருக்குங்க. சீட்டு தெளிவா தெரியுது" என்று அவன் பாராட்டினான். பெண்கள் வேனின் படியில் மனைவியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, என் தும்மலைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார்கள். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். சீட்டில் தோற்றது ஒரு பக்கம். மச்சான் எண்ணிய பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களது பைகளும் இப்போதே என் கட்டில் இருந்த இடத்தில் இருப்பதுபோல் ஒரு காட்சி கண்ணில் நின்றது. உயிரோடிருக்கும் புருஷனுக்குத் துக்கம் விசாரித்த இடத்தில் எந்தப் பெண்தான் நிம்மதியாகத் தூங்குவாள்?

அவர்கள் போன பிறகு அவள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கினாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடிந்து வேனைக் கிளப்பினேன். தெல்தோட்டை, கண்டி எல்லாம் தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். பலனில்லை.

வத்தேகமவில் மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகத்தைக் கழுவிச் சட்டை மாற்றியிருந்தான். மனைவி இறங்கி நின்று அவனிடம் நடந்ததை முழுக்கச் சொன்னாள், தும்மல் உட்பட. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, சாவிக்காக என்னிடம் கையை நீட்டினான்.

"அப்போ வேன் எனக்குத்தானே அக்கா? நீ எங்க தூங்கியிருக்கப் போற."

"இல்லடா. வேன் எங்ககிட்டயே இருக்கட்டும். நல்லா தூங்கினேன்."

நான் நிமிர்ந்து நின்றேன். இறுதியில் வெளிச்சம் வென்றுவிட்டது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த மனுசன் போயிட்டா நான் என்னா செய்வேன்னு இத்தன வருசமா மனசுக்குள்ள ஒரு பயம் இருந்திச்சுடா. நேத்து பாத்தாச்சு. நாலு பேரு வந்தாங்க, தேத்தண்ணி ஊத்தினேன், பேசிச் சிரிச்சேன், படுத்ததும் தூங்கிட்டேன். நான் நெனச்ச அளவுக்கு அது ஒண்ணும் பெரிய விசயமில்ல."