மிஷின் நின்ற இடங்கள்

கவிஞர் என்றால் ஆற்றங்கரை, நிலா, தனிமை என்று நினைப்பவர்கள் அந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்திருக்க வேண்டும். அங்கேதான் நம் கவிஞர் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார். சக்கரம் கிர்ரென்று சுற்றும், அதன்மேல் தண்ணீர் சொட்டும், அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், மனிதர் முதலாளியைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலாளிக்கே நெடுநாள் அந்தச் சந்தேகம் இருந்தது.

சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு சொல்லும் வராது. விடுமுறை நாளில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, சுவரை வெறித்து, தலையைச் சொறிந்து, கடைசியில் தூங்கிப்போவார். சக்கரம் சுற்றினால்தான் வரி வரும். வந்த வரியை வாயிலேயே வைத்து மென்று, ஒவ்வாத சொல்லைத் துப்பிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் லென்ஸ் வரும் உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். பென்சில்தான், பேனா ஆகாது. பேனாவால் எழுதினால் சொல்லுக்குத் திமிர் வந்துவிடும், அப்புறம் நகரச் சொன்னால் நகராது என்பார். இப்படி ஏகப்பட்ட விதிகள் வைத்திருந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய விதி வீட்டில் இருந்தது. அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய மிஷின், காலால் மிதிக்கிற வகை. மாலையில் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, துணி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய கவிதையைப் படிப்பார். அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். நல்லது கெட்டது எதுவும் சொல்ல மாட்டாள், அவரும் கேட்க மாட்டார். படிக்கும்போது எங்காவது மிஷின் நின்றால் கவிதை தேறிவிட்டது. கடைசி வரி வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் தேறவில்லை. தேறாததை அங்கேயே, அவள் எதிரிலேயே கிழித்து வெட்டுத்துணிக் கூடையில் போட்டுவிடுவார். படி எடுத்து வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

இதில் அவருக்குப் பெருமை பிடிபடாது. கவிஞர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், "உங்களுக்கு விமர்சகர் பத்திரிகையில இருக்காரு, எனக்கு வீட்டுலயே இருக்காங்க. வாயைத் திறக்க மாட்டாங்க, காலைத்தான் எடுப்பாங்க" என்று தம்பட்டம் அடிப்பார். அந்த வழியில் இரண்டு புத்தகங்கள் வந்தன. இரண்டாவதற்குப் பிறகு அவருக்கு யோகம் அடித்தது. முன்பெல்லாம் மிஷின் நிற்பது அபூர்வம், இப்போதோ படிக்கிற ஒவ்வொன்றுக்கும் நின்றது. எழுத்து கைகூடிவிட்டது என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒன்றையும் கிழிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது புத்தகத்துக்கான கவிதைகள் ஒரு பெரிய உறையில் தயாராக இருந்தன. மறுநாள் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். முதல் தாளில் காணிக்கையாக ஒரே சொல் எழுதியிருந்தார்: 'நிறுத்தியவளுக்கு'. அதை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அச்சான பிறகு பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தார்.

அன்று பார்த்துக் கடைச் சக்கரத்தின் மோட்டார் புகைந்து மண்டையைப் போட்டது. முதலாளி மதியமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றியவர், உள்ளே கொழுந்தியாளின் குரல் கேட்டு நின்றார். ஏதோ கவுனைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்திருக்கிறாள் போலும்.

"அத்தான் இன்னும் தினமும் படிச்சுக் காட்டுறாரா?"

"காட்டாம இருப்பாரா?"

"எப்படிக்கா தாங்குறே?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். நூல் மாத்துற நேரம் வந்தா காலை எடுத்துடுவேன். கவிதை பிரமாதம்னு அவருக்கு முகமெல்லாம் பல்லு. சந்தோஷமா எழுந்து போயிடுவாரு. நூல் தீரலேன்னா, கொஞ்சம் படிக்க விட்டுட்டு நானே சும்மா நிறுத்திடுவேன்."

"அப்ப நீ கேக்குறதே இல்லையா?"

"ஒரு சொல்லுகூடக் காதுல போட்டுக்குறதில்ல."

தங்கைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரித்தாளா என்பதைக் கவிஞர் கவனிக்கவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார்.

கால் போன போக்கில் நடந்தார். ஊரே ஒன்றுகூடி உன் எழுத்து குப்பை என்று சொல்லியிருந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஊரை அவர் நம்பியதில்லை, அவளைத்தான் நம்பினார். தன் காதையே கழற்றி அவள் காலடியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மேடையில் இரண்டு தடவை படித்துக் கைதட்டல் வாங்கிய வரி நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நூல் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கழுத்தறுத்துவிட்டாள் என்று வாய்விட்டே சொன்னார். நடைபாதையில் எதிரே வந்தவர் விலகி நடந்தார். உறையில் இருப்பதில் எது கவிதை, எது நூல் மாற்றிய நேரம் என்று இனி யாரைக் கேட்பது? அவருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பி, வழக்கம்போல முகம் கழுவி, பதிப்பாளருக்கான பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புதுக் கண்ணாடி வாங்குபவர்களுக்குக் கடையில் கொடுக்கும் துண்டுச்சீட்டு அது. கவிதை படிக்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

"இரு கைகளாலும் கழற்றுங்கள். மெல்லிய துணியால் துடையுங்கள். ஒருபோதும் கவிழ்த்து வைக்காதீர்கள்."

மிஷின் நின்றது.

"இது கடையில குடுக்குற சீட்டு" என்றார்.

அவள் கை துணிமேல் அப்படியே இருந்தது. மழுப்பவில்லை, சாக்குச் சொல்லவும் இல்லை.

"மதியம் வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எத்தனை நாளா இந்த நாடகம்?"

"எங்கப்பா கண்ணாடியை எழுதினீங்களே, அன்னியிலேருந்து."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு மெல்ல வந்தது. மாமனார் கடைசியாகப் புதுக் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கையாலேயே தேய்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தேய்த்து, பிரேமில் மாட்டி, துடைத்து வைத்தார். வாங்க வருவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதை அவர் எழுதிப் படித்தது உண்மைதான்.

"அன்னிக்கு மிஷின் நிக்கவே இல்லையே" என்றார்.

"மிஷின்ல உக்காந்திருக்கோம்கிற நெனப்பே எனக்கு இல்ல. கால் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு சட்டையோட கையை வாய் மூடித் தச்சு வச்சிருக்கேன், அதுகூடத் தெரியல. நிமிந்து பாத்தா நீங்க கிழிச்சுக்கிட்டிருக்கீங்க. எங்கப்பாவைக் கிழிச்சுக் கூடையில போடுறீங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குக் கண்ணு ரெண்டும் வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. நீங்க என் காலையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவள் தொடர்ந்தாள்.

"மறுநாள் கூடையில தேடினேன். வெட்டுத்துணியோட சேத்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. இனிமே இந்த வீட்டுல எதையும் கிழிக்க வேணாம்னுதான் நிறுத்த ஆரம்பிச்சேன். கேக்க மட்டும் மனசு வரல."

மடியில் பெரிய உறை கனத்தது. துரோகம் என்று மதியத்திலிருந்து அவர் மனதில் சுமந்து வந்த சொல் இப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு வலி குறைந்துவிடவில்லை. அவளுக்கும் குறைந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்தக் கண்ணாடிக் கவிதையை இப்பச் சொல்லுங்க" என்றாள். "எழுதினவர்தானே. நெசமாவே கேக்குறேன்."

இரண்டு கால்களையும் மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள். கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். மிஷின் ஓடவில்லை, ஜன்னலுக்கு வெளியே தெருவிலும் சத்தம் இல்லை. அவர் வாயைத் திறந்தார். இரு கைகளாலும் கழற்றுங்கள் என்பதுதான் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு வேறு ஒரு வரியைத் தேடினார். ஒன்றும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.