பள்ளத்துக்குப் பக்கத்து நெலம்

எழுபதுகளோட கடைசியில மாதனூர் பக்கத்துல எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெலம் இருந்திச்சு. ஆத்தங்கரையோரம் இருந்த கெணறெல்லாம் தோல் பதப்படுத்தற ஷாப்புத் தண்ணி எறங்கி உப்பாப் போய்ட்டப்பறமும் எங்க கெணறு மட்டும் தப்பிச்சிருந்திச்சு. அதை நம்பித்தான் அந்த வருஷம் நெல்லு போட்டோம். வீட்டுல அஞ்சு வயிறு. கதிரு பால் புடிக்கற நேரம் பாத்து வயல்ல தண்ணி நிக்க மாட்டேங்குது.

காலையில பாய்ச்சினா சாயந்தரத்துக்குள்ள சேறு காயுது. எங்க வீட்டுக்காரர் மோட்டார் மேல பழியைப் போட்டார். கழட்டி ஆம்பூருக்குத் தூக்கிட்டுப் போய் காயில் கட்டிக்கிட்டு வந்தார். அதுல நாலு நாள் போச்சு. திருப்பி மாட்டினா தண்ணி நல்லாதான் கொட்டுது, வயலு மட்டும் நெறையல. இன்னும் ஒரு வாரம் இப்டியே போனா மொத்தமும் பதருதான்.

எங்கயாவது ஒடப்பு இருக்கான்னு பாக்க வரப்பு மேலயே நடந்தேன். மேற்கால இருக்கிறது எங்க வீட்டுக்காரரோட அண்ணன் நெலம். பொங்கல் கழிஞ்சதும் மண்ணை செங்கல் சூளைக்கு வித்துட்டார். ஆள் ஒசரத்துக்கு வெட்டி எடுத்திருந்தாங்க, எங்க வரப்பை ஒட்டியே. எட்டிப் பாத்தேன். வரப்புக்கு அடியில பத்து எடத்துல தண்ணி கசிஞ்சு எறங்கி, கீழ குட்டையாட்டம் நிக்குது. அந்தத் தண்ணியிலதான் சூளை ஆளுங்க மண்ணை மிதிச்சு செங்கல் அறுத்துக்கிட்டு இருந்தாங்க.

"தண்ணி ஏதுங்க?"ன்னு கேட்டேன்.

"ஊத்து வருதும்மா. எங்களுக்கு எறைக்கற வேலை மிச்சம்"னான் ஒருத்தன். அவனுக்கு இன்னா தெரியும், பாவம்.

வீட்டுக்காரரோட அண்ணன் எனக்கு மச்சாண்டார் மொறை, அவர் எதிர்ல நின்னு நான் அதுவரைக்கும் பேசினதே இல்ல. அன்னிக்கு நேரா போய் நின்னேன். "மாமா, உங்க பள்ளம் எங்க சோத்தைக் குடிக்குது. வரப்போரமாவது மண்ணைத் திருப்பிக் கொட்டச் சொல்லுங்க."

அவர் என் மூஞ்சியைப் பாக்கல. "என் நெலத்துல நான் வெட்டினா உனக்கு இன்னா பேஜாரு?"ன்னு உள்ள போய்ட்டார்.

ஏரியில களிமண்ணு வெட்டிக்கிட்டு வந்து நாங்களே வரப்புக்கு அணைச்சோம். மூணு நாள் தாங்கிச்சு. நாலாம் நாள் பாய்ச்சறப்ப பத்தடி வரப்பு அப்டியே சரிஞ்சு பள்ளத்துல விழுந்திச்சு. அறுத்தப்ப பாதிக்கு மேல பதரு.

அப்பறம் சூளைக்காரர் வீட்டுக்கு வந்தார். "உங்க நெலம் மேட்டுல நிக்குதும்மா. பக்கத்து மட்டத்துக்கு எறக்கிட்டா தண்ணி நிக்கும்"னார். கேக்க நியாயமாத்தான் இருந்திச்சு. வெட்டிக்கோங்கன்னு சொன்னது நான்தான். பசங்க வயிறு ஒண்ணுதான் அப்ப எனக்குத் தெரிஞ்சுது.

லாரி வந்து நின்ன அன்னிக்கு கிழக்கால நெலத்துக்காரி வந்தா. புருஷன் இல்லாதவ, கேவுரு பயிர் போட்டிருந்தா. எங்க ரெண்டு நெலத்துக்கும் நடுவுல இருந்த வரப்பு மேல வந்து நின்னு, "இதுலருந்து எவ்ளோ தூரம் தள்ளி வெட்டுவாங்கக்கா?"ன்னு கேட்டா.

நான் சூளைக்காரர்கிட்ட அதைக் கேட்டிருக்கவே இல்ல.