பாலக்காட்டில் தோற்ற கதையைச் சொன்ன சாயங்காலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். கோயமுத்தூரில் ஒரு காலேஜ் மைதானத்துக்கு வெளியே, ரோட்டோரப் பாலத்தின் கட்டைச்சுவரில் நடந்தது இது. நடந்தது என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் உட்கார்ந்து ஒரு பந்தாட்டத்தில் தோற்றதைப் பற்றிப் பேசினோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாயங்காலம் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது நான் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். அவளைக் கட்டிக்கொடுத்ததும் வெள்ளகோவிலிலேயே. லீவில் போனால் போதும், மடியில் நிலக்கடலையைப் போட்டு உரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்துவிடுவாள். "ஒண்ணு உடாமச் சொல்லு கண்ணு" என்பாள். மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதுகிறது, மேனேஜர் எப்படித் திட்டுகிறார், ஓட்டல் சாம்பாரில் காய் உண்டா, எல்லாம் சொல்லியாக வேண்டும். நான் எதையாவது விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மாமா சொல்லியனுப்பிய ஆள் என்னைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. பஸ் பல்லடம் தாண்டி மக்கர் செய்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பொழுது இறங்கிவிட்டது, இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்களாம். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

எங்கள் பக்கம் கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிற ஆண்கள் அதிகம் பேச மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள், துக்கப்பட்டவன் அதைத் தொட வேண்டும். பிறகு உட்கார்ந்து, எப்படி ஆச்சு, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லித்தான் வீட்டுக்காரர்களுக்கு ஆறும். நான் போனபோது ஊரே வந்து மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போயாகிவிட்டது. என்னிடம் கேட்டால்தான் என்ன சொல்வேன்? எனக்கு என்ன தெரியும்? அழுகையும் வரவில்லை. காரியம் முடிந்ததும் பொட்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்.

ஆபீசில் யாருக்கும் அக்காவைத் தெரியாது. என்னையே அவ்வளவாகத் தெரியாது. சொந்த வேலை என்று சொல்லி லீவு வாங்கியிருந்தேன், வந்ததும் வேலை முடிந்ததா என்று கேட்டார்கள், முடிந்தது என்றேன். ரூமில் சுவரைப் பார்த்து எத்தனை நேரம் உட்காருவது? சாயங்காலம் கால் போன போக்கில் நடந்ததில்தான் அந்த மைதானம் கண்ணில் பட்டது.

இப்போது கூடைப்பந்து என்கிறார்கள். அப்போது பாஸ்கெட்பால்தான், அதுவும் ஊருக்குப் புதுசு. கம்பத்தில் பலகை அடித்து, பட்டறையில் வளைத்த வளையத்தை மாட்டியிருந்தார்கள். ஆடுகிற பையன்களெல்லாம் தோட்டம் காடு என்று விவசாய வேலை செய்து வளர்ந்தவர்கள். பந்தைப் பிடிக்கச் சொன்னால் சடுகுடு போல ஆளைப் பிடிப்பார்கள். ஜெயிக்கிற டீம் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கோ அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போய்விட்டது. ஒரு கோல் போட்டால் நடுவில் வந்து மறுபடி பந்தை மேலே எறிந்து ஆரம்பிப்பார்கள். அப்போதெல்லாம் அதுதான் சட்டம்.

பாலத்துச் சுவரில் தினமும் மூன்று பேர் வந்து உட்காருவார்கள். ஒருவர் பஞ்சுத் தரகர், உரத்த குரல்காரர். இன்னொருவர் கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், பேச்சில் நிதானம். மூன்றாமவர் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர், எதற்கெடுத்தாலும் ரெஃபரியைத் திட்டுவார். பையன்களை ஊர்ப்பேர் வைத்துத்தான் சொல்வார்கள். உயரமாக இருந்தவர் பொள்ளாச்சிக்காரர், குள்ளமாக ஓடிக்கொண்டே இருந்தவர் பவானிக்காரர். பொள்ளாச்சிக்காரர் தென்னைமரத்தோடு வளர்ந்ததால்தான் அந்த உயரம் என்பார் தரகர். நான் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் நின்று அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பேன். சிரிப்பு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். வந்து உட்காருங்க என்று ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். நானாகப் போய் உட்காரவும் கூச்சம்.

சீசன் ஆரம்பித்து முதல் வெளியூர் மேட்ச் பாலக்காட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சுவரில் ஒரே புலம்பல். தரகருக்குப் பஞ்சு வரத்து நேரம், பாய் வீட்டில் கல்யாணம், கம்பவுண்டருக்கு டாக்டர் லீவு தரமாட்டார். திடீரென்று தரகர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, நாளைக்கு உங்களுக்கு மில்லு லீவுதானுங்களே? ஒரு எட்டுப் போய்ப் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்களேன். ஒண்ணு உடாமச் சொல்லோணும்."

அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பட்டணத்தில் ஒருத்தர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. "சரீங்க" என்றேன்.

டீம் போன அதே ரயிலில் நானும் போய், பாலக்காட்டுக்கு ஸ்டேஷனான ஒலவக்கோட்டில் இறங்கினேன். பையன்களுக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்தேன். வரவேற்க வந்தவர்கள் என்னையும் கூட்டத்தோடு சேர்த்து ஒரு சாப்பாட்டுக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் டீம் ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்கு முன்னால் இலை விழுந்துவிட்டது.

அடேயப்பா, அது சாப்பாடா? எரிசேரி, காளன், ஓலன் என்று இலை நிரம்பி வழிந்தது. பருப்புப் பிரதமன் முடிந்தால் பால் பாயசம், அது முடிந்தால் இன்னொன்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளியாகப் போன இடத்தில் பரிமாறுகிறவர் கை நீட்டினால் மறுக்க வராது. போதுமுங்க, போதுமுங்க என்று சொல்வார்கள், ஆனால் இலையை மட்டும் கையால் மறைக்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைச்சல். பாலக்காட்டுக்காரர்களோ, போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். பொள்ளாச்சிக்காரர் கண்ணில் நீர் கோத்து நின்றது, கை மட்டும் வழித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேட்ச்.

கேட்க வேண்டுமா? முதல் பாதியில் நம் பையன்கள் ஓடியதை ஓட்டம் என்றே சொல்ல முடியாது. அவர்கள் தரை கெட்டியாக இருந்ததால் பந்து தலைக்கு மேல் எகிறியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு பந்தைத் தள்ளியது. பவானிக்காரர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டார், தள்ளியவர் சும்மா இருந்தாரா? நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அடிபட்டுச்சுங்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பந்து அதற்குள் நம் வளையத்துக்குள் விழுந்துவிட்டது. சுற்றிலும் ஒரே ஆரவாரம், அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள். நான் ஒரு தடவை, "உடாதீங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் எவ்வளவு தனி என்று அப்போதுதான் உறைத்தது.

பிற்பாதியில் பாயசம் செரித்துவிட்டதோ என்னவோ, பையன்களுக்கு வேகம் வந்தது. பொள்ளாச்சிக்காரர் ஒவ்வொரு தடவையும் எகிறிப் பந்தைத் தட்டிவிட, பவானிக்காரர் கோல் மேல் கோல் போட்டார். இன்னும் ஒன்றே ஒன்று விழுந்தால் சமம். கடைசி விசிலுக்குச் சற்று முன்னால் பவானிக்காரர் எறிந்த பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போகலாமா என்று யோசித்துவிட்டு, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. நான் கிளம்பவில்லை. பையன்கள் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், பொள்ளாச்சிக்காரர் முகத்தில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். கிட்டே போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். அவர்கள் எழுந்து போகும் வரைக்கும் நின்றேன். போகும்போது பவானிக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, கோயமுத்தூருங்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் பாலத்துக்குப் போனால், மூன்று பேரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோற்ற சேதி எப்படியோ முன்னாலேயே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பாய் துண்டால் சுவரைத் தட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "வாங்க தம்பி, இப்படி உக்காருங்க. எப்படிங்க ஆச்சு?" என்றார்.

சொன்னேன். ரயிலில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். என்னால் அவ்வளவு பேச முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பாயசக் கதையைக் கேட்டதும் தரகர் தொடையில் அடித்துக்கொண்டார்.

"பந்துல தோக்கலீங்க, பந்தியில தோத்துப்போட்டோம்!"

"வயித்தை நெப்பிப் படுக்கப் போட்டு ஜெயிச்சிருக்கானுங்க. இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றார் கம்பவுண்டர். ரெஃபரியும் அந்தப் பந்தியில் சாப்பிட்டாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். சாப்பிட்டுத்தான் இருப்பார் என்று அவரே முடிவு கட்டினார்.

"அதுக்குன்னு, ஒறம்பரையாப் போன ஊட்ல எலையில வெச்சதை வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? நம்ம பசங்க செஞ்சது சரிதானுங்க" என்றார் பாய்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. பையன்களுக்கு மூச்சு வாங்கியதா? கொஞ்சம் முன்னாலேயே தேறியிருந்தால் பிழைத்திருக்குமா? யாராவது பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னார்களா? பதில் சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு, இந்தக் கேள்விகளை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அக்கா வீட்டு வாசலில் மாமாவிடம் கேட்டவை அல்லவா இவை? மாமா பதில் சொல்லச் சொல்ல, சொல்ல ஒன்றுமில்லாமல் நான் ஓரமாக நின்றேனே?

தரகர் கேட்டார். "ஏனுங்க, தோக்கறாங்கன்னு தெரிஞ்சதும் பாதியில ரயிலுக்குக் கெளம்பீட்டீங்களா? கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

"இருந்தேனுங்க" என்றேன். "கடைசி வரைக்கும் கூடவே இருந்தேனுங்க."

சொல்லி வாயை மூடவில்லை, அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரோட்டில் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

தரகர் பதறிவிட்டார். "அட சாமி, ஒரு மேட்சுக்குப் போயி... அடுத்த தாட்டி ஜெயிச்சுப்போடலாம், உடுங்க!"

பாய் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "இது மேட்சுக்கு அழுவற அழுகை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "தம்பி, ஊட்ல ஆருங்க?"

"அக்காங்க" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போறதுக்குள்ள எடுத்துப்போட்டாங்க" என்றேன்.

அப்போது தரகர், அந்த உரத்த குரல்காரர், சுவரிலிருந்து இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். என் எதிரில் வந்து நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். நான் தொட்டேன். அடுத்து கம்பவுண்டர். கடைசியாக பாய். அவர்கள் வழக்கம் வேறு. ஆனாலும் மற்ற இருவரும் செய்ததைப் பார்த்து அதே மாதிரி நீட்டினார், தொட்ட கையை உடனே விடவும் இல்லை. பிறகு மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா எப்படிப்பட்டவள் என்று பாய் கேட்டார். நிலக்கடலை உரிப்பதிலிருந்து ஆரம்பித்தேன். மைதானத்தில் பையன்கள் ஆட வந்துவிட்டார்கள், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த சீசனில் எங்கள் டீம் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். தோற்ற ஒவ்வொன்றையும் அந்தச் சுவரில் வைத்து அலசி எடுத்தோம். பிறகு கம்பவுண்டர் சேலத்துப் பக்கம் போனார், எனக்கு வேறு மில், வேறு ஊர். அந்த மூன்று பேரை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. அவர்கள் என் பேரைக் கேட்டதாகக்கூட நினைவில்லை, தம்பி என்பதே போதுமாக இருந்தது. தனிமை என்னை விட்டு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குள் பாதி இடத்தில் இன்னும் அதன் ராஜ்ஜியம்தான்.

ஆனால் எதிலாவது தோற்றுவிட்டு ஒருத்தர் என் முன்னால் வந்து நின்றால், நான் ஆறுதல் சொல்வதில்லை, புத்தியும் சொல்வதில்லை. பக்கத்தில் இடத்தைத் தட்டிவிட்டு, "உக்காருங்க, எப்படிங்க ஆச்சு? ஒண்ணு உடாமச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் கூடவே இருக்கிறேன்.