தெலுக் இந்தானில் என் இடது கை பிடித்த சியாக்காப்

சேறும் டீசலும் கலந்த வாசனை... தெலுக் இந்தான் படகுத்துறையில் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த வாசனை. ஆனால் அன்று காலை படகில் ஏறவே மனம் வரவில்லை.

காரணம், என் வலது கை.

ஈப்போவில் ரப்பர் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் அச்சு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கை மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின, ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி போய்விட்டது. தோசைக்கல்லில் பட்டால் தோல் கருகும் வாசனை வந்தபிறகுதான் தெரியும்.

மெடிக்கல் லீவு முடியப்போகிற நேரம். வேலையை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலைத் தூண்டில் கிளப்பின் போட்டி வந்தது. ஒரு படகில் இரண்டு பேர், ஆகப் பெரிய மீனுக்குக் கோப்பை. அங்கேயே ஸ்டோரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ரவி, என்னைக் கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"எந்தக் கையால புடிக்கிறதுங்க? எனக்குத்தான் விரல்ல ஒண்ணும் தெரியலையே."

"ரீல் கைப்பிடிய வலது பக்கம் மாத்திட்டேன் செல்வி. இடது கையால தூண்டில் ராட்ட புடி. சுத்துறதுக்கு மிச்ச மூணு விரல் போதும்லா."

நாங்கள் செய்வது ஜிக்கிங். உயிர் இரை கிடையாது. ஜிக் என்கிற ஈயத்தலை வைத்த கொக்கியில் ரப்பர் மீனைக் கோத்து, ஆற்றின் அடிவரை இறக்கவேண்டும். தரை தட்டியதும் தூக்கவேண்டும்... மறுபடி விழவிடவேண்டும். அடிபட்ட குஞ்சு மீன் என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். பெரும்பாலும் கீழே விழும்போதுதான் கவ்வும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

விரலுக்கு...

பக்கத்துப் படகில் பேக்கிங் பிரிவுக் கேசவன் அண்ணன் வாளி நிறைய உயிர் இறால் வைத்திருந்தார். எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, ரப்பரையா திங்கப் போவுது? போட்டிக்கு வந்தியா, பிக்னிக்குக்கு வந்தியா?"

நான் பெட்டியை மூடிவிட்டேன்.

எங்கள் மலாய்ப் படகுக்காரர், ஆற்று வளைவில் மூழ்கிக்கிடந்த மரத்துக்கு மேல்புறமாக நங்கூரம் போட்டார். நீரோட்டம் பலமாக இருந்தது. ஜிக் தரையில் நிற்கவே இல்லை. ரவி விசுக் விசுக்கென்று ராட்டைச் சுண்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் இல்லை. நான் இரண்டு ஜிக்கை மரத்தில் மாட்டி அறுத்துக்கொண்டேன். தூரத்தில் கேசவன் அண்ணன் படகிலிருந்து கைதட்டல் கேட்டது. அவருக்கு ஒரு நல்ல சியாக்காப் விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களாம், அந்த மீன்தான்.

வெயில் ஏற ஏற ஓட்டம் தணிந்தது. கடல் ஏற்றம் வந்து முட்டி, தண்ணீர் அசையாமல் நிற்கப்போகிற நேரம்.

"ஆயேர் மாத்தி," என்றார் படகுக்காரர். தண்ணீர் செத்துவிட்டது, இனிமேல் பாருங்கள் என்று அர்த்தம்.

எனக்கு இடது தோள் விட்டுப்போயிருந்தது. சுண்ட முடியவில்லை. ஒரு சாண் உயரம் மெதுவாகத் தூக்கினேன். இறக்கும்போது தூண்டில் நரம்பு தளராமல் ராட் நுனியையும் கூடவே இறக்கினேன்.

"அப்படித் தூக்குனா மீன் தூங்கிரும் செல்வி. நல்லா ஒரு இழு இழு."

"கை வலிக்குதுங்க. இவ்ளோதான் முடியும்."

நரம்பை இடது ஆள்காட்டி விரலில் படவைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. சேறு என்றால் மெத்தென்று இருக்கிறது. மணல் என்றால் நறுக்கென்கிறது. கட்டை என்றால் 'டொக்' என்கிறது. ஆற்றின் அடித்தரை முழுவதும் என் விரலுக்குத் தெரிந்தது. மாதக்கணக்காக என் கையை நினைத்தாலே அழுகை வரும்... அன்றைக்கு முதல்தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுபடி தூக்கினேன். இறக்கினேன். ஜிக் தரையைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே, விரலில் சின்னதாக ஒரு 'டிக்'.

ராட்டைத் தூக்கி அடித்தேன். அது வில்லாக வளைந்தது. ரீல் கத்திக்கொண்டு நரம்பை விட்டது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் உடைந்து, வெள்ளியாக ஒரு மீன் மேலே வந்து தலையை உதறியது.

ரவி என் பக்கம் தாவினார். "குடு, நான் இழுக்கிறேன். மரத்துக்குள்ள போயிரும்."

"தொடாதீங்க."

அப்படி ஒரு குரலில் அவரிடம் அதற்குமுன் நான் பேசியதில்லை. அவர் கையை எடுத்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டார்.

மீன் மரத்தைப் பார்த்து ஓடியது. ராட்டைப் பக்கவாட்டில் சாய்த்துத் தடுத்தேன். மரத்துப்போன விரல்களை விட்டுவிட்டு, மிச்ச மூன்று விரலால் சுற்றினேன். அது ஓடினால் விட்டேன், நின்றால் சுற்றினேன். கடைசியில் படகோரம் களைத்துப்போய்ச் சாய்ந்தது. ரவி வலையைப் போட்டார். தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது அவருக்கு.

"பெசார், காக்," என்றார் படகுக்காரர். பெரிசு, அக்கா.

கரையில் எடை போட்டார்கள். அன்றைய மீன்களில் அதுதான் பெரியது. கோப்பை என் கைக்கு வந்தது. கேசவன் அண்ணன் கொக்கியைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரப்பரத்தாண்ணே தின்னுச்சு," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஆமா தங்கச்சி. அடுத்த தடவ எனக்கும் ரெண்டு குடு."

லீவு முடிந்ததும் சூப்பர்வைசரிடம் போனேன். வேலையை விட அல்ல. ரப்பர் வளையங்களில் பிசிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் மேசையைக் கேட்டேன். "இடது கையால செய்றேன், பாருங்க," என்றேன். கொடுத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

இப்போது படகுகளில் எல்லாம் குட்டி டிவி மாதிரி திரை வந்துவிட்டது. மீன் எங்கே நிற்கிறது என்று கலர் கலராகக் காட்டுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விரலை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அமைதி இப்போது இல்லை.

அன்றைக்கு அந்த மீன் எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் குழம்பாகப் போனது. இப்போது ஆற்றில் மீன் குறைந்துவிட்டதால், கிளப்பில் பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோம்.

போன மாதம் எனக்கு ஒன்று விழுந்தது. அன்றைக்குப் பிடித்ததைவிடப் பெரியது. தண்ணீரில் வைத்துப் பிடித்திருந்தேன், அது மூச்சு வாங்கி நிதானத்துக்கு வந்ததும் கையை எடுத்தேன். போகும்போது வாலால் முகத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போனது.

"போச்சா குழம்பு," என்றார் ரவி.

முகத்தைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டிருந்தேன்.